ஃப்ரீசருக்குள் ஒரு குளிர்காலம்: முன்கண்ணாடி நீர்விலக்குப் பூச்சு, சோதனைப் பதிவு

கோலாலம்பூரில் காடிமேல் விழும் ஒரே பனி, கார் கழுவும் ஸ்னோ வாஷ் கடையில் அடிக்கும் சோப்பு நுரைதான். மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே கேமரன் மலையில் 1978-இல் வந்த 7.8 டிகிரி. ஆனாலும் பட்டறையில் இந்தக் கேள்வி வராத ஆண்டு இல்லை. டிசம்பரில் ஹொக்கைடோவிலும் ஜூலையில் நியூசிலாந்தின் தென் தீவிலும் வாடகைக் காடி ஓட்டப் போகிறவர்கள், இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைக்குப் பழைய காடி வாங்கிக் கொடுத்தவர்கள், எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இங்கே மழைக்குப் பூசுகிற பாட்டில் அங்கே பனிக்கும் கேட்குமா?

பாட்டில் அட்டையில் மழை, பனி, பூச்சி எல்லாம் ஒட்டாது என்றுதான் போட்டிருக்கும். ஒட்டாது என்பது வேறு, படியாது என்பது வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க எட்டுக் கண்ணாடித் துண்டும் ஒரு பெட்டி ஃப்ரீசரும் போதும். அதே பூச்சை ஒரு மைவி காடியின் முன்கண்ணாடியில் பாதி மட்டும் பூசி, காராக் நெடுஞ்சாலை மழையில் ஓட்டிப் பார்த்ததும் இதில் சேர்த்தி.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. சிலோக்சேன் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்துச் சிறிது அமிலம் சேர்த்தது ஒன்று. பூசுவது எளிது, சில வாரம் முதல் ஓரிரு மாதம்வரை தாங்கும். ஃப்ளோரின் சேர்ந்த சிலேன் வகை மற்றொன்று. விலை கூடுதல், பாட்டில் சிறிது, ஒழுங்காகப் பிடித்தால் பல மாதம் நிற்கும். ரெயின்-எக்ஸ், கிளாக்கோ என்ற பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரே பெயரில் பல வகைப் பாட்டில்கள் வருவதால், முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்அட்டையைப் படித்து வாங்குங்கள்.

துண்டுகளைத் தயார் செய்தல்

கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, 10 × 15 செ.மீ. அளவில் எட்டுத் துண்டு, விளிம்பு தேய்த்து. எட்டும் ஒரே தகட்டிலிருந்து வெட்டியதாக இருக்கட்டும். ஒரே பக்கத்தில், மூலையில் மார்க்கரால் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். இந்தக் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. வெள்ளீயம் தொட்ட பக்கமும் காற்றுப் பக்கமும் பூச்சை ஒரே மாதிரி பிடிக்காது. புள்ளி இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

இரண்டு துண்டு வெறுமனே. இரண்டு சிலோக்சேன். இரண்டு சிலேன். கடைசி இரண்டுக்கும் அதே சிலேன்தான், ஆனால் முறையாகச் சுத்தம் செய்யாமல், வீட்டில் செய்வதுபோல் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பூசியது. இந்தச் சோதனையில் அதிகம் பாடம் சொன்னவை இந்தக் கடைசி இரண்டுதான்.

முறையான சுத்தம் என்றால்: பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி அலசவும். கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, ஃபெல்ட் துண்டால் வட்டமாக மூன்று நிமிடம் தேய்க்கவும், காயவிடக் கூடாது. நன்றாக அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்த கலவையால் துடைக்கவும். சுத்தமானதா என்று பார்க்கத் துண்டை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாக, கிழியாமல் வழிய வேண்டும். எங்காவது துளியாகச் சுருங்கினால் அங்கே இன்னும் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. நீரை விலக்கும் கண்ணாடி வேண்டுமென்றால் முதலில் நீர் நன்றாக ஒட்டும் கண்ணாடி வேண்டும். பூச்சு பிடித்துக்கொள்வது கண்ணாடி மேற்பரப்பின் சிலிக்கான்-ஹைட்ராக்சில் முனைகளில். அவற்றை அழுக்கு மூடியிருந்தால் பூச்சு அழுக்கின்மேல்தான் உட்காரும்.

பூசி ஒரு நாள் முழுக்க விட்ட பிறகு முதல் சோதனை. துளி உருண்டையாக நிற்கிறதா என்பது பெரிய அளவுகோல் இல்லை. மெழுகு தடவினாலும் உருண்டையாகத்தான் நிற்கும். எந்தச் சரிவில் வழிந்து ஓடுகிறது என்பதே முக்கியம். 100 அலகு கொண்ட இன்சுலின் ஊசியில் 5 அலகு என்றால் 0.05 மி.லி. அந்த அளவுத் துளி ஒன்றை வைத்து, துண்டை மெல்லச் சாய்த்து, கைப்பேசியின் சாய்வு அளவியைப் பலகையில் ஒட்டிக் கோணத்தைப் படியுங்கள். குறைந்த சரிவில் ஓடினால் நல்ல பூச்சு. சுத்தம் செய்யாத துண்டில் துளி அழகாகவே நின்றது. ஆனால் ஓரிடத்தில் ஓடியது, இரண்டு விரல் தள்ளி வைத்தால் ஒட்டிக்கொண்டது.

அடுத்து வைப்பர் தேய்ப்பு. பழைய வைப்பர் ரப்பரில் 10 செ.மீ. வெட்டி, மேலே 150 கிராம் எடை கட்டி, ஈரத்தில் 200 தடவை இழுக்க வேண்டும். ஓடும் வைப்பர் கண்ணாடியை அழுத்தும் விசைக்கு இது ஏறக்குறைய சமம். சுத்தம் செய்து பூசிய சிலேன் துண்டில் வித்தியாசமே தெரியவில்லை. சிலோக்சேனில் துளி ஓடும் சரிவு கூடியது. சுத்தம் செய்யாததில் ரப்பர் போன பாதை முழுக்கத் தண்ணீர் திட்டுத்திட்டாகப் படிந்தது. பூச்சு மட்டமான சரக்கு என்று திட்டுபவர்களின் காடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த வகைதான் என்பது பட்டறை அனுபவம்.

ஃப்ரீசருக்குள்

ஃப்ரீசர் மைனஸ் 18-இல் நிலையாக இருக்கட்டும். ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும் கம்பி முனை வெப்பமானியை மூடி இடுக்கு வழியே உள்ளே விடலாம். மீனும் இறைச்சியும் போட்டு வைக்கிற ஃப்ரீசர் என்றால் துண்டுகளை மூடிய டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

ஐஸ் எவ்வளவு இறுக ஒட்டுகிறது என்று அளக்க: உள்விட்டம் 20 மி.மீ. உள்ள பி.வி.சி. குழாயில் 10 மி.மீ. உயர வளையங்கள் வெட்டி, உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கவும். வளையத்தை முன்பே குளிர வைத்த கண்ணாடிமேல் வைத்து, அடியைச் சுற்றி ஐந்தாறு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு உறையவிடுங்கள். அதுதான் அடைப்பு. பிறகு 3 மி.லி. ஊற்றி ஓர் இரவு விடவும். முதல்முறை அடைப்பு வைக்காமல் ஊற்றியதில் தண்ணீர் அடியில் கசிந்து, வளையத்தைவிடப் பெரிய வட்டமாக உறைந்து, ஒரு சுற்று வீணானது.

இழுப்பதற்குப் பெட்டி நிறுக்கும் 50 கிலோ கைத்தராசும் மீன்பிடி நரம்பும். நரம்பு வளையத்தைச் சுற்றும் இடம் கண்ணாடியிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் ஐஸ் பக்கவாட்டில் நகராமல் கவிழ்ந்து பிளக்கும், எண் பொய்யாகக் குறைந்து வரும். தராசை ஃப்ரீசருக்கு வெளியே வைத்து நரம்பை மட்டும் உள்ளே விடுங்கள். குளிரில் அதன் திரை மந்தமாகிவிடும். கணக்குக்கு: இந்த வளையத்தின் பரப்பு 3.14 சதுர செ.மீ., 10 கிலோ இழுவையில் விட்டுவந்தால் ஒட்டுவலிமை சுமார் 310 கிலோபாஸ்கல். வீட்டுச் சோதனையில் ஒரே வகைத் துண்டிலேயே எண் ஏறி இறங்கும். அதனால் எண்ணைவிட, விட்டுப்போன பிறகு கண்ணாடியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

வெறும் கண்ணாடியில் ஐஸ் கண்ணாடியை விடவில்லை, தானே உடைந்தது. அடியில் வெள்ளைத் தழும்பாக ஒரு மெல்லிய அடுக்கு அப்படியே நின்றது, நகத்தால் சுரண்டியும் வரவில்லை. பூசிய துண்டுகளில் வளையம் ‘டக்’ என்ற சத்தத்தோடு முழுசாகக் கழன்றது, கண்ணாடி பளிச்சென்று காய்ந்து கிடந்தது. காரணம் எளிது. வெறும் கண்ணாடியின் ஹைட்ராக்சில் முனைகள் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. பூச்சு அவற்றை மூடிவிட்டால் ஐசுக்குப் பிடிக்க ஆள் இல்லை. சுத்தம் செய்யாத துண்டில் பாதி கழன்றது, பாதி ஒட்டியது.

இதுவரை அட்டை சொன்னது சரிதான். அடுத்த சோதனையில்தான் விஷயம் திரும்புகிறது.

ஓர் இரவு உறைந்த துண்டுகளை ஈரம் மிகுந்த நம் ஊர்க் காற்றில் எடுத்து நிறுத்தினால் சில நொடியில் வெண்மை படிகிறது. வெறும் கண்ணாடி, பூசிய கண்ணாடி, இரண்டிலும்தான். உறைபனி காற்றிலுள்ள ஈரத்திலிருந்து வருகிறது. காற்றில் ஈரம் போதுமான அளவு இருந்து, கண்ணாடி உறைநிலைக்குக் கீழே இருந்தால் படிந்தே தீரும். எந்தப் பூச்சும் கண்ணாடியைச் சூடாக்குவதில்லை. வித்தியாசம் படிகிற விதத்தில்: பூசியதில் தனித்தனி மணிகளாக, வெறும் கண்ணாடியில் ஒட்டிய தோலாக. டோல் கட்டும் டச் அண்ட் கோ பிளாஸ்டிக் அட்டையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பூசியதில் மாவுபோல் உதிர்கிறது. வெறும் கண்ணாடியில் அட்டை வழுக்கிக்கொண்டு போகிறது, தோல் நிற்கிறது.

பிறகு உருகத் தொடங்கும்போது நிலைமை தலைகீழ். வெறும் கண்ணாடியில் நீர் ஒரே படலமாகப் படர்ந்து, பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்து தெரிய ஆரம்பித்துவிடுகிறது. பூசியதில் ஆயிரம் குட்டித் துளிகள், ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். எழுத்து மங்கலாகவே நிற்கிறது. வைப்பர் ஒரு தடவை ஓடினால் தெளிந்துவிடும். ஓடாதவரை பூசிய கண்ணாடிதான் மோசம். இது நமக்குப் புதிதல்ல. மழை இரவில் ஏர்கோன் காற்று முன்கண்ணாடியில் அடித்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடிக்கொள்ளுமே, அப்போதும் பூசிய கண்ணாடிதான் அதிகம் வெளுக்கும். இதே துளிக்கணக்கு.

குளிரில் பூசுவது பற்றியும் ஒரு சோதனை. ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த துண்டை வெளியே எடுத்துப் பூசினால் அதற்குள் பனித்துவிடும், பூச்சு தண்ணீரின்மேல் விழும். எனவே துண்டு, பாட்டில், பஞ்சு மூன்றையும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கையை விட்டுப் பூசியது. கரைப்பான் காய நெடுநேரம் ஆனது. பூச்சு காயும்போது வரும் வெளுப்பு பிசுபிசுப்பாக வந்தது, துடைத்தால் கோடுகோடாக இழுத்தது, மறுநாள் துளி ஓடிய சரிவும் கூடுதல். பல பாட்டில்கள் 5 டிகிரிக்கு மேல் பூசச் சொல்வது இதனால்தான். குளிர் நாட்டில் இருப்பவர்கள் இலையுதிர்காலத்திலேயே, காய்ந்த ஒரு நாளில் பூசிவிட வேண்டும். பனி விழுந்த பிறகு பாட்டிலைத் திறந்தால் சூடேற்றிய கராஜ் இருந்தால்தான் வேலை ஆகும்.

மைவியின் பாதிக் கண்ணாடி

நமக்கு நேர் எதிர்த் தொல்லை. வெயிலில் நின்ற கண்ணாடியில் கரைப்பான் பரவுவதற்குள் ஆவியாகி வரிவரியாக நிற்கும். காலையில், பேஸ்மண்ட் கார் பார்க்கில், புறங்கையை வைத்தால் சூடு தெரியாத கண்ணாடியில் பூசுங்கள். நண்பகலுக்குள் முடித்தால் மாலை நாலு மணி மழைக்கு முன் சிலோக்சேன் வகை காய்ந்துவிடும். சிலேன் வகைக்கு ஒரு முழு இரவு நனையாமல் இருப்பது நல்லது.

காடிக்கென விற்கும் களிமண் கட்டியால் தார்ப்புள்ளியும் பூச்சிக் கறையும் எடுத்து, பிறகு சீரியம். கையால் முழுக் கண்ணாடிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பானட் விளிம்பு, ரப்பர், வைப்பர் அடியிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். பிளாஸ்டிக் நெளிவில் காய்ந்த சீரியம் வெள்ளையாக நிற்கும், பல் துலக்கும் பிரஷ்தான் கதி. கல் பட்ட வடுவையோ வைப்பர் கீறலையோ சீரியம் கையால் போக்காது.

ஓட்டுநர் பக்கம் வெறுமனே விட்டு, இடப்பக்கம் மட்டும் பூசியது. நடுவில் டேப். 40 செ.மீ. சதுரமாகப் பிரித்து, முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் தேய்த்து, ஐந்து பத்து நிமிடத்தில் வெளுத்ததும் பிழிந்த ஈர மைக்ரோஃபைபரால் துடைத்து, காய்ந்த துணியால் முடித்தது. இரண்டாம் கோட் ஒரு மணி நேரம் கழித்து.

கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் நல்ல மழை. 40 கி.மீ. வேகத்தில் பூசிய பக்கம் துளிகள் நின்று நடுங்கின, ஓடவில்லை. வெறும் பக்கமே பார்வைக்கு ஒழுங்காக இருந்தது. 60-70 தாண்டியதும் காற்று துளிகளை மேலே தள்ளத் தொடங்கியது. 90-இல் இடப்பக்கம் வைப்பர் தேவைப்படவில்லை. நகர நெரிசலில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தப் பூச்சு தரும் லாபம் குறைவு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குளிரில் இந்த வேகக் கணக்கு இன்னும் மேலே போகும். 0 டிகிரிக்கு அருகில் தண்ணீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு; துளி நகரத் தயங்கும். விழுந்ததும் உறையும் உறைமழையில் தயங்கிய துளி அங்கேயே கட்டியாகிவிடும். அதனால் அங்கே பூச்சை நம்பாமல், கிளம்பும்போதே சூட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பிவிட வேண்டும்.

வைப்பர் அதிர்வு

பூசிய மறுநாள் வரும் முதல் புகார் இது. தண்ணீர்ப் படலம் இல்லாத இடத்தில் ரப்பருக்கு வழுக்கல் இல்லை. ஒட்டி, நழுவி, ஒட்டி நழுவி டடடட என்று குதிக்கும். குளிரில் ரப்பர் இறுகுவதால் அதிர்வு மோசமாகும். போகும்போது மட்டும் அதிர்ந்து வரும்போது அமைதி என்றால் பூச்சில் குறை இல்லை, வைப்பர் கை முறுகியிருக்கிறது. பிளேடைக் கழற்றி, கண்ணாடியின் நடுப்பகுதியில் கையின் முனை கண்ணாடிக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்பேனரால் மயிரிழை மயிரிழையாக முறுக்கிச் சரிசெய்யுங்கள். இரு பக்கமும் அதிர்ந்தால் துடைக்காமல் விட்ட மிச்சம் இருக்கிறது; ஈரத்துணியால் மறுபடி துடைத்து, ரப்பர் முனையை ஆல்கஹாலால் கறுப்பு வராதவரை துடைக்கவும். அதற்கும் அடங்காவிட்டால் கிராஃபைட் பூசிய ரப்பர் மாற்றுங்கள்.

ஸ்னோ வாஷ் நுரை காரத்தன்மை கூடியதாக இருந்தால் பூச்சை அரிக்கும். அதில் மெழுகு கலந்திருந்தால் பூச்சின்மேல் படிந்து மழையில் எண்ணெய்ப் படலமாக இழுக்கும். ‘முன்கண்ணாடிக்கு மெழுகு வேண்டாம் அண்ணே’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மலிவான பராமரிப்பு. தானாக ஓடும் வைப்பர் உள்ள காடிகளில் மழை உணரி கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, வெளியே ஒட்டிய நீரால் ஒளி குறைவதைப் பார்க்கிறது. துளி உருண்டுவிட்டால் தொடும் பரப்பு குறைகிறது, வைப்பர் தாமதிக்கும். உணர்திறனை ஒரு படி கூட்டி வையுங்கள்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு

நம் பழக்கம் வாஷர் தொட்டியில் குழாய்த் தண்ணீர். அங்கே அது உறையும்போது 9 விழுக்காடு விரிந்து தொட்டியையும் பம்பையும் பிளக்கும். பெட்ரோல் நிலையத்திலேயே மைனஸ் 20-க்கான வாஷர் திரவம் கிடைக்கும். ஊற்றியதும் இரண்டு மூன்று தடவை அடித்து, குழாயில் நிற்கும் பழைய தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். தொட்டியை மட்டும் மாற்றிவிட்டு முனை உறைந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. இந்தத் திரவத்தில் சோப்புச் சத்து இருப்பதால் அடித்த சிறிது நேரத்துக்குத் துளி உருளாது. பூச்சு போய்விட்டதென்று பதற வேண்டாம், அடுத்த மழையில் திரும்பும். சாலையில் தூவும் உப்பு காய்ந்து வெள்ளைப் படலமாகப் பூச்சை மூடுவதும் அப்படித்தான், கழுவினால் போகும்.

இரவு வானம் தெளிவாக இருந்தால் காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே கண்ணாடி வெப்பத்தை வானத்துக்கு இழந்து உறைநிலைக்குக் கீழே போய்விடும். பூச்சு இருந்தாலும் இரவில் முன்கண்ணாடியை மூடி வைப்பதுதான் உறைபனியைத் தடுக்கும். வைப்பரை ‘ஆட்டோ’வில் விட்டு எஞ்சினை அணைக்காதீர்கள். ஒட்டிப் போன ரப்பரைக் காலையில் மோட்டார் இழுத்தால் ரப்பர் கிழியும், அல்லது மோட்டார் போகும்.

கெண்டி வெந்நீர் கூடவே கூடாது. முன்கண்ணாடி என்பது 2 மி.மீ. அளவில் இரண்டு கண்ணாடி, நடுவில் 0.76 மி.மீ. பிளாஸ்டிக் படலம். வெளிக்கண்ணாடி மட்டும் திடீரென்று விரியும்போது, லோரி தெறித்த கல்லின் கண்ணுக்குத் தெரியாத வடுவிலிருந்து விரிசல் ஓடும். பிளாஸ்டிக் சுரண்டியால் மேலிருந்து கீழாக இழுங்கள். பூசிய கண்ணாடியில் அழுத்தவே வேண்டாம். மணல் ஒட்டிய சுரண்டிதான் பூச்சுக்கு எமன், ஒவ்வொரு தடவையும் முனையைத் துடைத்துவிட்டு வையுங்கள். பார்க்க ஒரு சிறு ஓட்டை போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. இங்கிலாந்தின் சாலை விதித்தொகுப்பில் 229-ஆவது விதி, எல்லாச் சன்னல்களிலும் பனியும் ஐசும் நீக்கிய பிறகே ஓட்ட வேண்டும் என்கிறது.

உள்பக்கம் மூடும் மூட்டத்துக்கும் வெளியே பூசிய பூச்சுக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும் உள்சுழற்சிப் பொத்தானை அங்கே எடுத்துவிடுங்கள். சூட்டோடு ஏர்கோனையும் போட்டால் காற்று உலரும். ஷூவில் ஒட்டி வந்த பனியைக் காடிக்குள் உருகவிடாமல் வாசலிலேயே தட்டிவிட்டு ஏறுங்கள்.